வெட்டி ஒட்டாத பதிவு

தெருவில் அவருக்கு ஒட்டுக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் ஒன்று கடை உரிமத்தில் பத்திரமாக இருந்தது. அதைப் படித்தவர்கள் குறைவு. கல்யாணம், பிறந்தநாள், பள்ளி ஆண்டு விழா என்று யார் யாரோ எடுத்துக்கொண்டு வந்து கொட்டும் வீடியோக்களை வெட்டி, ஒட்டி, உட்கார்ந்து பார்க்கும்படி ஆக்கிக் கொடுப்பது அவர் தொழில். சலவைக் கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை. இரண்டு திரை, பஞ்சு பிதுங்கிய ஒரு ஹெட்போன், வாடிக்கையாளர் உட்கார ஒரு முக்காலி. கீழிருந்து வரும் நீராவியில் மழைக்காலத்தில்கூட அறை கதகதப்பாக இருக்கும்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் போட்ட ஒட்டு ஒன்றையாவது யாராவது கண்டுபிடித்ததுண்டா என்றால் இல்லை. அந்த விஷயத்தில் மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான். வாய்ச்சண்டை நடந்த கல்யாணத்தைக்கூட அவர் கையில் கொடுத்தால் எல்லாரும் கொஞ்சிக் குலாவுகிற மாதிரி வெளியே வரும். ஒரு பெண் கல்யாணத்தில் மாமனார் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். அவர் ஐஸ்கிரீம் சாப்பிடும்போது ஒரு தடவை சிரித்தது மட்டும் எப்படியோ பதிவாகியிருந்தது. ஒட்டுக்காரர் அந்தச் சிரிப்பை எடுத்து, மணமக்கள் மாலையோடு திரும்பிப் பார்க்கும் இடத்தில் வைத்தார். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண் குழந்தையின் பிறந்தநாள் வீடியோவைக் கொடுக்க வந்தபோது, "எங்க மாமா அன்னைக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தாரு தெரியுமா!" என்று கண்கலங்கினாள். ஒட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அவர் மனைவி மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவள். ஊசியை எடுத்தால் ஒரே குத்துதான், பேச்சும் அப்படியே. "ஊரை ஏமாத்திட்டு அதுக்குச் சிரிப்பு வேறயா?" என்று கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஒரே மகள். பதினேழு வயது. ஒன்பது வயதில் வயலினைப் பிடித்தவள் இன்னும் கீழே வைக்கவில்லை. பிளஸ் டூ முடிந்ததும் மற்றப் பிள்ளைகள் பத்துக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட, இவள் ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போட்டாள். இசைத் துறை, வயலினுக்கு ஆறே ஆறு இடம். முதலில் வீடியோ அனுப்ப வேண்டும். அதில் தேறினால் நேரில் கூப்பிடுவார்கள். நேரில் வாசிப்பு, காதுக்கு ஒரு தேர்வு, பிறகு நேர்காணல். வீடியோவுக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி: ஒரே மூச்சில் எடுத்ததாக இருக்க வேண்டும். 'இது வெட்டி ஒட்டாத பதிவு' என்று அச்சடித்த படிவத்தில் மாணவியும், பதினெட்டு நிறையாதவளாக இருந்தால் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

சலவை இயந்திரம் ஓடாத ஞாயிற்றுக்கிழமை காலையில், மாடி அறையிலேயே எடுத்தார்கள். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, அப்பாவும் மகளும் வியர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார்கள். நாலு நிமிஷப் பாட்டு. நடுவில் ஒரு சின்ன நிறுத்தம் வரும். வில்லைத் தந்தியிலிருந்து எடுத்து, ஒரு நொடி காத்திருந்து, திரும்ப வைத்து உச்சியில் ஒரு நீண்ட சுரம் இழுக்க வேண்டும். முதல் தடவை அந்தச் சுரம் பிசகிவிட்டது. ஒட்டுக்காரருக்குக் காதில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. மகளின் முகம் சுளித்ததைக் கேமரா வழியாகப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். இரண்டாம் தடவை அந்தச் சுரம் சரியாக விழுந்தது, ஆனால் ஆரம்பமெல்லாம் சவசவவென்று இருந்தது. மூன்றாம் தடவை பாதியிலேயே களைத்துப் போனாள்.

"முதல்ல வாசிச்சதையே அனுப்பிடுங்கப்பா," என்றாள், வயலினைத் துடைத்துக்கொண்டே.

"அதுல அந்த ஒரு இடம்..."

"தெரியும். சுருதி மேல போயிடுச்சு. பரவாயில்ல. மத்ததெல்லாம் நான் நினைச்ச மாதிரியே வந்திருக்கு. ஒரு சுரத்துக்காக அதை விட முடியாது."

"ஒரு தடவை பாத்துட்டுப் போயேன்."

"ஐயோ, நான் வாசிக்கிறதை நானே பாக்க மாட்டேன். வெக்கமா இருக்கும். அனுப்பிடுங்க."

படிவத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

சொன்னதைச் செய்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. மனுஷன் முக்காலியில் உட்கார்ந்து முதல் பதிவை ஓடவிட்டார். நன்றாகத்தான் இருந்தது. அந்த இடம் வந்தது, மகள் முகம் சுளித்தது, போனது. திரும்ப ஓடவிட்டார். திரும்பவும் சுளித்தது. பல்லில் சிக்கிய நார் மாதிரி, நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருந்தது. ஆறு இடத்துக்கு எத்தனை பேர் போடுவார்கள்? இருநூறு? முந்நூறு? அத்தனை வீடியோவையும் பார்த்துச் சலித்த ஒருவர் இந்த முகச் சுளிப்பைப் பார்த்ததும் அடுத்ததற்குப் போய்விட மாட்டாரா? இரண்டாம் பதிவில் அதே இடத்தைத் தேடி எடுத்து, இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டுக் கேட்டார். அப்போதுதான் அவர் காதுக்கும் வித்தியாசம் தெரிந்தது. முதலாவது கொஞ்சம் தூக்கலாக இருந்தது. இரண்டாவது சுத்தம்.

அதற்குப் பிறகு அவர் யோசித்ததாகச் சொல்ல முடியாது. கை தானாக வேலை செய்தது. நிறுத்தத்தில் வெட்டினார். வில் நின்ற உயரம் இரண்டிலும் ஒத்து வரவில்லை. மூன்றாம் பதிவிலிருந்து, மகள் மூச்சு வாங்கிக்கொண்டு சும்மா நிற்கும் ஒரு விநாடியைக் கடன் வாங்கி நடுவில் வைத்தார். நிறுத்தம் கொஞ்சம் நீண்டது, ஆனால் ஒட்டு மறைந்தது. 'இதுவும் அவள் வாசித்தது, அதுவும் அவள் வாசித்தது, நான் என்ன வெளியிலிருந்தா கொண்டு வந்தேன்?' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். தனக்குத் தானே இவ்வளவு நியாயம் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். படிவத்தில் மகள் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டபோது மட்டும் காது மடல் சூடாயிற்று. அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. மகள் வீடு முழுக்க ஓடினாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள், அப்பாவைக் கட்டிக்கொண்டாள். ஒட்டுக்காரருக்கு நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. நிறைந்த நெஞ்சுக்குள்ளேயே ஏதோ ஒன்று முள்ளாய்க் குத்தவும் செய்தது. பார்த்தாயா, நான் செய்ததுதான் சரி என்று ஒரு பக்கம். நீ செய்யாமல் இருந்தாலும் கூப்பிட்டிருப்பார்களோ என்று இன்னொரு பக்கம். இரண்டாவதை அவர் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

வயலின் டீச்சர், அனுப்பிய வீடியோவைப் பார்த்து அதே போல வாசித்துப் பழகு என்று மகளிடம் சொல்லிவிட்டார். வெட்கத்தை விட்டு அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதைப் பார்த்தாள். சாப்பாட்டு மேஜையில் போனைச் சாய்த்து வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். அந்த இடம் வந்ததும் மூடிய கண்ணும் திறந்தது.

"அப்பா, இங்க நான் தப்பு பண்ணேன்ல?"

ஒட்டுக்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தேவைக்கு அதிகமாகவே குடித்தார்.

"எங்க?"

"இங்கதான். மேல போச்சுன்னு சொன்னேனே உங்ககிட்ட. சரியால்ல இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"நீங்க ரெண்டாவது எடுத்ததை அனுப்பிட்டீங்களா?"

"இல்லம்மா. முதல்லதுதான். ஆரம்பத்தைப் பாரு, உனக்கே தெரியும்."

அது உண்மைதான். ஆரம்பம் முதல் பதிவுதான். உண்மையைக் கொண்டு பொய் சொல்வதில் இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அவருக்கு. மகள் மறுபடி பின்னால் தள்ளி ஓடவிட்டாள். மறுபடியும். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, "நிஜமாவே தப்பு இல்லையாப்பா?" என்று கேட்டாள். "இல்லவே இல்ல. உனக்குத்தான் பதட்டத்துல அப்படித் தோணியிருக்கு," என்றார். அந்த இடத்தில் ஒரு வார்த்தை உண்மை சொல்ல இந்த மனுஷனுக்கு வாய் வந்திருந்தால் மேற்கொண்டு சொல்லக் கதையே இல்லை.

நேரில் போக ஆறு வாரம் இருந்தது. வீடு பரீட்சை வீடாக மாறியது. மகள் தினமும் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் வாசித்தாள். சுருதி காட்டும் சின்னக் கருவி ஒன்றைத் தோழியிடமிருந்து வாங்கி வந்து வயலின் தலையில் மாட்டினாள். முன்பெல்லாம் அப்படி ஒன்றை அவள் தொட்டதே இல்லை. ஒரு சுரம் வாசிப்பாள், நிறுத்துவாள், கருவியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பாள், அதன் பிறகுதான் அடுத்த சுரம். கருவியைக் கழற்றச் சொல்லி டீச்சர் திட்டியதும் கழற்றிவிட்டு, வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களைக் கேட்க ஆரம்பித்தாள். "அப்பா, இது சேந்திருக்கா?" "அம்மா, இப்போ வாசிச்சது கீழ இருந்துச்சா?" அப்பாவுக்கு என்ன தெரியும்? "சூப்பரா இருக்கு" என்பார்.

"இந்தப் பொண்ணுக்கு என்னமோ ஆயிருக்குங்க," என்றாள் மனைவி ஒரு நாள், பணிக்குக் கிளம்பும் அவசரத்தில் தலை பின்னிக்கொண்டே. "முன்னல்லாம் தப்பா வாசிச்சா அவளே நாக்கைக் கடிச்சுக்குவா. நாம ஒண்ணும் சொல்ல வேண்டாம். இப்போ வாசிச்சுட்டு நம்ம மூஞ்சியைப் பாக்கறா."

"நேர்காணல் பயம். வேற ஒண்ணுமில்ல."

"பயந்தவ இப்படியா இருப்பா? பயந்தா வாந்தி எடுப்பா. எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். ஒட்டுக்காரர் காபி டம்ளரைக் கழுவினார். ஏற்கெனவே கழுவி வைத்த டம்ளர் அது.

நேர்காணலுக்குப் பழக்குவது அவர் பொறுப்பு. சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால், மனைவியின் படிக்கும் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு உட்காருவார். குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "உள்ளே வரலாம், பெண்ணே," என்பார். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்து நிற்பாள். ஏன் இந்தக் கல்லூரி? ஏன் வயலின்? பத்து வருஷம் கழித்து எங்கே இருப்பாய்? அவள் நன்றாகத்தான் பதில் சொன்னாள். ஒருநாள், "உன்னிடம் உள்ள குறை என்ன?" என்று கேட்டார்.

மகள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"தப்பு இல்லாத இடத்துலயும் எனக்குத் தப்பா கேக்குது சார்," என்றாள்.

ஒட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். அது நடிப்புக்குச் சொன்ன பதிலா என்று பார்த்தார். இல்லை. அப்போதுதான் அவருக்கு முழுசாய் விளங்கிற்று என்று சொன்னால் அது அவருக்குச் சாதகமாகப் பேசுவதாகும். பாதி விளங்கிற்று, மீதியை விளங்கிக்கொள்ள அவர் விரும்பவில்லை. இன்னும் பத்து நாள்தான். இப்போது போய் உடைத்தால் பெண் நொறுங்கிப் போவாள், வாசிக்கவே மாட்டாள், இடம் கிடைத்த பிறகு ஒருநாள் சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

"நல்ல பதில். அடக்கமா இருக்கு," என்றார்.

இதை நினைத்துத்தான் பிற்பாடு அவர் மிக அதிகமாக வெட்கப்பட்டார். வெட்டினதுகூட ஒரு கைப்பழக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். பெற்ற பெண் எதிரில் நின்று தன் காயத்தைக் காட்டியபோது, அதற்கு மதிப்பெண் போட்ட அப்பாவை எதில் சேர்ப்பது?

அந்த நாள் வந்தது. இரண்டு பஸ் மாறிப் போனார்கள். பழைய கட்டடம், உயரமான நடை, இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் யாரோ ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் மகளை வாசிக்கக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவளிடம், "எப்படிப் போச்சு?" என்று கேட்டார். "நல்லாப் போச்சுன்னு நினைக்கிறேன். தெரியலப்பா," என்றாள். பிறகு காதுத் தேர்வு. இரண்டு சுரம் ஒலிக்கும்; இரண்டாவது முதலாவதற்குச் சமமா, மேலா, கீழா என்று சொல்ல வேண்டும். இருபது கேள்வி. அதிலிருந்து வெளியே வந்தபோது அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. இந்தத் தடவை ஒட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை.

மதியம் நேர்காணல். பதினெட்டு நிறையாதவர்களோடு பெற்றோர் ஒருவர் உட்காரலாம் என்றார்கள். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் துறைத் தலைவி. ஐம்பது வயது இருக்கும், குரல் மெதுவாக வந்தது. பக்கத்தில் தாடி வைத்த ஆசிரியர் ஒருவர். ஒட்டுக்காரர் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஏன் இந்தக் கல்லூரி, ஏன் வயலின் என்று, வீட்டில் சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் அவர் கேட்ட அதே கேள்விகள்தான் வந்தன. மகள் தடுமாறவில்லை. தாடிக்காரர், "உன் வீடியோவுல நடுவுல ஒரு நிறுத்தம் இருக்கே, அவ்வளவு நேரம் காத்திருந்தியே, நல்லா இருந்துச்சு. இன்னைக்கு ஏன் அதைச் செய்யல?" என்று கேட்டார்.

"அது எப்படி வந்துச்சுன்னே தெரியல சார். அவ்வளவு நேரம் நிறுத்தினதா எனக்கு ஞாபகமே இல்ல. வீட்டுல எத்தனையோ தடவை செஞ்சு பாத்தேன், வரல," என்றாள் மகள்.

ஒட்டுக்காரர் தரையைப் பார்த்தார். கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரக் கற்கள்.

துறைத் தலைவி காதுத் தேர்வுத் தாளை எடுத்தார். "நீ நல்லா வாசிக்கிறேம்மா. அதுல சந்தேகமே இல்ல. இதுதான் எனக்குப் புரியல. பதிமூணு கேள்வியில முதல்ல சரியான பதிலை எழுதியிருக்கே. அப்புறம் அதை அடிச்சுட்டுத் தப்பான பதிலை எழுதியிருக்கே. ஒண்ணு ரெண்டு இல்ல, பதிமூணு. ஏன்?"

மகள் விரல்களைக் கோத்துக்கொண்டாள். "எனக்கு முதல்ல தோணுறது பெரும்பாலும் தப்பா இருக்கும் மேடம்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே கண்டுபிடிச்சேன். அந்த வீடியோ எடுத்தப்போ, அந்த நிறுத்தத்துக்கு அப்புறம் வர்ற சுரத்தை மேல வாசிச்சுட்டேன்னு சத்தியமா நினைச்சேன். எனக்கு நல்லாவே கேட்டுச்சு. அப்புறம் வீடியோவைப் பாத்தா சரியா இருக்கு. அப்பாவும் அதான் சொன்னாரு. அப்போதான் தெரிஞ்சுது, எனக்குக் கேக்குறது வேற, நிஜம் வேறன்னு. அதுலேருந்து முதல்ல என்ன தோணுதோ அதை மாத்திப் போட்டுப் பாக்குறேன்."

அவள் இதை வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. தனக்குள்ள ஒரு வியாதியை மருத்துவரிடம் விவரிக்கிற மாதிரி, ஒளிக்காமல், ஒழுங்காகச் சொன்னாள்.

துறைத் தலைவி பேனாவை மூடி வைத்தார். "தன் காதை நம்பாத பிள்ளைக்கு நாங்க எதைச் சொல்லிக் குடுக்கிறது?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு மரியாதைக்காக ஒட்டுக்காரரைப் பார்த்து, "அப்பா ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

எதுவும் சொல்லாமல் எழுந்து போக வழி இருந்தது. இல்லீங்க, ரொம்ப நன்றி என்று ஒரு கும்பிடு போட்டால் முடிந்தது. இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒட்டு வெளியே தெரியப் போவதில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் தெரிந்ததில்லை. அவர் எழுந்து நின்றார். கும்பிடத்தான் கையைத் தூக்கினார். கை பாதியில் நின்றுவிட்டது.

"அவளுக்குக் கேட்டது சரிங்க," என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "அந்த இடத்துல தப்பு இருந்துச்சு. நான்தான் வெட்டிட்டேன். ரெண்டாவது தடவை வாசிச்சதுலேருந்து எடுத்து ஒட்டுனேன். அந்த நிறுத்தமும் அவளது இல்ல. ஒட்டு தெரியக் கூடாதுன்னு நான் வெச்சது. அவளுக்கு எதுவும் தெரியாதுங்க. முதல்லதை அப்படியே அனுப்பச் சொல்லிட்டுத்தான் போனா. கேட்டப்போகூட நான் இல்லவே இல்லன்னு சாதிச்சேன்."

நடையில் யாரோ செருப்பு தேய நடந்து போனார்கள். ஒட்டுக்காரருக்கு முதுகு முழுக்க வியர்த்துவிட்டது. மகள் அழுவாள், இல்லை எழுந்து ஓடிவிடுவாள் என்று எதிர்பார்த்து, அவள் பக்கம் திரும்பாமலே நின்றார்.

"அப்பா," என்றாள் மகள். "மேலதானே போச்சு? கொஞ்சமா?"

"ஆமாம்மா. கொஞ்சம் மேல."

"ரெண்டையும் வெச்சுக் கேட்டீங்களா?"

"கேட்டேன். முதல்லது தூக்கலா இருந்துச்சு. எனக்கே தெரிஞ்சுது."

அப்போது அவர் திரும்பிப் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நிற்க, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆறு வாரமாக அந்த முகத்தில் இல்லாத வெளிச்சம் வந்திருந்தது. "எனக்குச் சரியாத்தான் கேட்டிருக்கு மேடம்," என்று துறைத் தலைவியிடம் சொன்னாள். "சரியாத்தான் கேட்டிருக்கும்மா," என்றார் அவரும்.

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் தன் காதைத் திரும்பப் பெற்ற சந்தோஷத்தில் அவரை மறந்தே போயிருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. எதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறோம் என்பது அதைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் அவருக்கு முழுசாகத் தெரிந்தது. முகச் சுளிப்பு ஒன்றை மறைக்கப் போய், பெண்ணின் பிழைப்புக்கே ஆதாரமான ஒன்றைப் பிடுங்கி, ஆறு வாரம் பையில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். அவள் பச்சை விளக்கைப் பார்த்ததும், அவர் மூஞ்சியைப் பார்த்ததும் அதைத் தேடித்தான்.

துறைத் தலைவி சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். படிவத்தில் கையெழுத்து இருக்கிறது, விதி விதிதான், இந்த வருஷம் இந்த விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ள முடியாது. அவள் மேல் தப்பில்லை என்பது தெரிந்தாலும் முடியாது. அடுத்த வருஷம் தாராளமாக வரலாம். ஒட்டுக்காரர், "அவளை மட்டும்..." என்று ஆரம்பித்து, வாக்கியம் முடியாமல் நின்றார். மகள் எழுந்து, "சரிங்க மேடம். நன்றி," என்றாள். அப்போது சிரிப்பு போயிருந்தது. இடம் போய்விட்டது என்பது அவளுக்கு அப்போதுதான் உள்ளே இறங்கியது.

பஸ் நிறுத்தத்தில் கூட்டம் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். வெயில் சரிந்துவிட்டிருந்தது. ஒட்டுக்காரர் மூன்று தடவை தொண்டையைச் செருமினார்.

"மன்னிச்சிடும்மா."

மகள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தப்போட அனுப்புங்கன்னு சொன்னேன்ல?"

"சொன்னே."

"அப்புறம் கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன்."

"கேட்டே."

"அந்தத் தப்பு எனக்கு ஒண்ணுமே இல்லப்பா. அதோட என்னை எடுத்துக்கிட்டாப் போதும்னுதான் நினைச்சேன். உங்களுக்குத்தான் முடியல."

அப்படியெல்லாம் இல்லம்மா என்று சொல்ல நாக்கு எழுந்தது. வாயை மூடிக்கொண்டார். அது உண்மை இல்லை. அவருக்குத்தான் முடியவில்லை. பெண்ணின் வாசிப்பைக் கேட்பதை விட்டுவிட்டு, அவள் முகத்தை மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்றுதான் அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க," என்றாள்.

"சொல்றேன்."

"அடுத்த வருஷம் நான் தனியா வர்றேன்ப்பா. வீடியோவும் நானே எடுத்துக்கறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நாளைக்குச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கையாவது இருந்திருக்கும். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், யோசித்து எடுத்த முடிவைச் சொல்கிற மாதிரி. அவர் தலையை ஆட்டினார்.

பஸ் வந்தது. மகள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.